பார்க்காமல் விட்ட கோடு

பழைய கிடங்கு ஒன்றின் கூரையைப் பிரிக்கும் வேலையில் இருந்த ஐந்து பேர் ஒரே வாரத்தில் காய்ச்சலும் வறட்டு இருமலுமாகப் படுத்தார்கள். கூரைக்கடியில் வௌவால் எச்சம் முழங்கால் உயரத்துக்குக் கிடந்ததாம். அதில் வளரும் பூஞ்சை நுரையீரலில் இறங்கிவிட்டதோ என்று சுகாதார அதிகாரிக்குச் சந்தேகம். ஐவரின் ரத்தமும் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தது.

அதைச் சோதித்தவள் அங்கே பதினாறு வருஷமாக இருப்பவள். தட்டில் உறைந்திருக்கும் ஜெல்லில் சின்னச் சின்னக் குழிகள். ஒன்றில் பூஞ்சையின் சாறு, பக்கத்துக் குழியில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம். உடம்பு அந்தப் பூஞ்சையோடு மல்லுக்கட்டியிருந்தால், இரண்டுக்கும் நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு விழும். மறுநாள் கோடு தெரியவில்லையென்றால், இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் முடிவு எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை பார்த்தாள்; கோடு இல்லை. சனிக்கிழமை அக்கா வீடு மாற்றுகிறாள், கூட நின்று சாமான் கட்ட வேண்டும். அதற்குள் அதிகாரியிடமிருந்து மூன்றாவது போன்.

"வேலையை நிறுத்தணுமா வேண்டாமாம்மா? மேஸ்திரி என் உயிரை எடுக்கிறார்."

"அஞ்சுலயும் ஒண்ணும் இல்ல சார்."

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுத் தட்டுகளைக் கழிவில் போட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, அதே கிடங்கிலிருந்து இன்னும் எட்டுப் பேரின் ரத்தம் வந்தது. ஆறு பேருக்கு முதல் நாளே கோடு. உறைபெட்டியில் மிச்சமிருந்த பழைய சீரத்தை எடுத்துத் திரும்பவும் சோதனைக்கு வைத்தாள். இரண்டாம் நாள் விளக்கொளியில் பார்த்தபோது, ஐந்தில் மூன்றில் மெல்லிய கோடு.

கூடத்தின் தலைவியிடம் போய் நின்றாள். அவர் கதவைச் சாத்தினார்.

"ரத்தம் சீக்கிரமே எடுத்துட்டாங்கன்னு எழுதிடலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"இது அதே ரத்தம் மேடம். நான்தான் ரெண்டாம் நாள் பாக்கல."

அப்படியே எழுதியும் கொடுத்தாள். அன்றே கிடங்கு வேலை நின்றது.

அந்த எட்டுப் பேரில், உயரத்தால் எல்லோரும் 'ஒட்டகம்' என்று கூப்பிடும் ஆள்தான் மோசமாக இருந்தான். அவனைப் பார்க்க இவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியிடம், பரிசோதனைக்கூடத்திலிருந்து வருவதாகச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் நோயைக் கண்டுபிடிச்சீங்களாக்கா? நல்லா இருப்பீங்க." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவர் பயந்துபோய் மூணு நாள் வீட்லயே கிடந்தார். ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களேன்னு நான்தான் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினேன். பாவி நான்."

கும்பிட்டுவிட்டு நழுவியிருக்கலாம். முடியவில்லை.

"அனுப்பினது நீ இல்லம்மா. அந்த ரிப்போர்ட் நான் எழுதினது. பொறுத்துப் பாக்காம எழுதிட்டேன்."

மனைவி பெஞ்சில் இருந்த பையை எடுத்து இருவருக்கும் நடுவே வைத்தாள்.

"அவர் அண்ணன் இப்ப வந்துடுவார். தெரிஞ்சா அடிச்சுடுவார். எந்திரிச்சுப் போயிடுங்க."

ஒட்டகம் பிழைத்தான். ஒரு வருஷம் மருந்து. இனிக் கூரை ஏற முடியாது என்றார்கள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம், ஆறு மாதம் அறிக்கையில் கையெழுத்திடத் தடை. அது அவளுக்கு வலிக்கவில்லை.

மாதம் ஒருமுறை அவன் மனைவியோடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறான். மனைவி அவனிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. "என்னக்கா, சௌக்கியமா?" என்று அவன் மூச்சிரைத்துக்கொண்டே சிரிக்கும்போது, மனைவி சுவரைப் பார்க்கிறாள்; இவள் குனிந்து அவன் கையில் நரம்பைத் தேடுகிறாள்.