பெயர் வந்த வீட்டுத் துணி

1956ஆம் ஆண்டு டிசம்பரில், மலாக்காவின் காஜா பேராங்கில் ஒன்பது நாள் விடாமல் பெய்த மழையில், மூன்றாம் வீட்டுப் பூங்காவனத்தின் துணி மட்டும் கொடியிலேயே காய்ந்தது. அதே கயிற்றில் ஒரு சாண் தள்ளித் தொங்கிய ஐந்தாம் வீட்டுப் பாக்கியலட்சுமியின் நீலச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூங்காவனம் குடையோடு வந்து தன் சேலையை எடுத்து உதறி மடித்து, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு உள்ளே போனாள். காரணம் அந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். முந்திய ஞாயிறு ரேடியோவில் பாட்டு விரும்பிக் கேட்டவர்களின் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. பெயர் வந்தவர்களின் துணி அடுத்த ஞாயிறு வரை எந்த மழையிலும் காயும். எட்டாம் நாள் பழையபடி நனையும்.

ரேடியோ வந்து ஒரு வருடத்துக்குள் ஊரின் நடைமுறையே மாறிப்போயிருந்தது. ஞாயிறு இரண்டு மணிக்குப் பட்டியல் வாசிப்பார்கள் என்பதால் கறி வாங்க விடியுமுன்னே பசாருக்குப் போனார்கள். சனிக்கிழமை துவைத்தவர்கள் திங்களுக்கு மாறினார்கள். மழை தூறினால் துணியை எடுக்க ஓடிய காலம் போய், மழை தூறினால் துணியைப் போட ஓடினார்கள். போட்டுப் பார்த்தால்தானே தெரியும். பக்கத்துக் கம்பத்தில், தலைமுறைகளாக மலாய் பேசிவந்த தமிழ் வம்சத்துச் சிட்டி குடும்பங்களுக்குத் தமிழ் பேச வராது. ஆனாலும் அவர்களும் ரேடியோவுக்குக் கார்டு எழுதச் சொல்லி அனுப்பி, இரண்டு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தங்கள் பெயர் எந்த மொழிக்கு நடுவில் வந்தாலும் தெரியாதா என்ன. அவர்களுடைய சாரோங்குகளும் காய்ந்தன.

அந்த வட்டாரத்து ரேடியோ இருந்ததே பாக்கியலட்சுமி வீட்டில்தான். கார்டுகளை எழுதியவரும் அவள் கணவர் நல்லையாதான். நகரசபையில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. முத்து முத்தான கையெழுத்து. பூங்காவனத்தின் கணவர் கலியாணசுந்தரம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை செய்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர். தன் பெயரால் மனைவிக்கு ஒரு பாட்டு கேட்டு எழுதும்படி அவர்தான் நல்லையாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்லையா மாதம் தவறாமல் எழுதினார். ஞாயிறுதோறும் பூங்காவனம் பாக்கியலட்சுமியின் பாயில் உட்கார்ந்து, பாக்கியலட்சுமி போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, தன் பெயர் வருகிறதா என்று கேட்டாள். பாக்கியலட்சுமிக்கு வயிறு பற்றி எரிந்தது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை, அவளே மறைக்கவில்லை. பூங்காவனத்தின் காப்பியில் மட்டும் சீனியைக் குறைத்துப் போட்டாள்.

தன் வீட்டுக்காகவும் நல்லையா கார்டு போடாமல் இல்லை. "காஜா பேராங் நல்லையா குடும்பத்தினர்" என்று எழுதுவார். அது வாசிக்கப்பட்ட வாரம் அவருடைய காக்கிச் சட்டைகள் மொறமொறவென்று காய்ந்தன. அவள் சேலை நனைந்தே கிடந்தது. குடும்பத்தினர் என்பது ஒரு பெயர் இல்லையே. கட்டியவர் பெயரை அவள் சொல்ல மாட்டாள், அது வழக்கம். அவரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. இந்தா, இங்க பாரு, அதோடு சரி. அக்கம்பக்கத்தாருக்கு அவள் அக்கா. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் பாக்கியலட்சுமி என்ற பெயர் அவளுடைய அடையாளக் கார்டில் மட்டும் இருந்தது.

எழுத்துக் கூட்டிப் படிப்பாளே தவிர அவளுக்கு எழுத வராது. ஆகவே தன்னை யாருக்கும் தெரியாத உஜோங் பாசிர் வரை நடந்து, கார்டு விற்கும் யூனுஸ் பாயிடம் எழுதித் தரச் சொன்னாள். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று அவர் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, மீட்டர் பார்க்கிறவர் என்றாள். "புருஷன் பேரு இல்லாம பொம்பள பேர மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்மா" என்று கேட்ட யூனுஸ் பாய், நல்ல மனதோடு, "மீட்டர் பார்ப்பவர் மனைவி" என்று எழுதி அனுப்பினார். அப்படியே வாசிக்கப்பட்டது. அந்த வாரம் மலாக்காவில் மீட்டர் பார்க்கிற மூன்று பேரின் மனைவிமாருக்கும் முந்தானை மட்டும் காய்ந்தது. அவர்களில் செங் என்ற ஊரில் இருந்த ஒருத்தி, காரணம் புரியாமல் கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றினாள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி, சுதந்திர நாளில், ரேடியோவில் நாட்டின் பெயரே வாசிக்கப்பட்டது. அன்று காலைத் தூறலில் ஊர் முழுக்க எல்லார் துணியும் காய்ந்தது. பாக்கியலட்சுமியுடைய நீலச் சேலையும் காய்ந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அவளும் கொடி பிடித்தாள். ஆனால் பூங்காவனத்துடையதும் சேர்ந்து காய்ந்ததால் அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

நவம்பரில் மறுபடி மழை பிடித்தது. பூங்காவனத்தின் பெயர் ஏழாவது முறையாக வந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் எழுந்து போன பிறகு, பாக்கியலட்சுமி தம்ளர்களை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவ பேரு ஏழு தடவ வந்தாச்சு. என் பேர ஒரு தடவ எழுத ஒங்களுக்குக் கை வரலையா?"

"அவ புருஷன் சொல்லிட்டுப் போனாரு, எழுதுறேன்."

"என் புருஷன் என்ன சொன்னாரு?"

நல்லையா ரேடியோவின் திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு, அதன் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த ரேடியோ ஆளு வாயில ஒன் பேரு வரக்கூடாது. பூங்காவனம்னு அவன் இழுத்துச் சொல்றது கேக்குதுல்ல? அப்படி ஒன் பேர இழுத்துச் சொல்லி, நாலு வீட்டு ஆம்பளைங்க கேக்கணுமா? என்னால முடியாது."

முகம்கூடத் தெரியாத ஒரு அறிவிப்பாளர்மேல் தன் கணவர் இரண்டு வருடமாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் இனித்தது. பிறகு கோபம் திரும்பி வந்தது.

"அப்ப ஒங்க வாயில வரட்டும்" என்றாள்.

நல்லையா வாயைத் திறந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை கொட்டும் மழையில், வீம்புக்கு, அவள் நீலச் சேலையைக் கொடியில் போட்டாள். பத்தரை மணி சுமாருக்குக் கரையோரத்தில் காசளவு இடம் காய்ந்தது. தொட்டுப் பார்த்தாள், சுட்டது. புதன்கிழமை அது உள்ளங்கை அளவு இருந்தது, வெள்ளிக்கிழமை முழ அகலம். அந்த வாரம் நல்லையாவுக்கு புக்கிட் பாருவில் வேலை. மீட்டர் பார்க்க வந்தவர் ஒவ்வொரு குழியின் மூடியையும் திறந்து, தேவைக்கு மேல் குனிந்து, உள்ளே ஏதோ பேசினார் என்று அங்குள்ளவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் பாதிப் பெயர்தான் வந்ததாம். பாக்கியலட்சுமிக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அவள் பொறாமைக்காரி; தனக்கு முன்னால் தன் பெயரைக் கேட்டுவிட்ட மீட்டர்க் குழிகளை நினைத்து மனம் புழுங்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் குடை இல்லாமல் கொடியருகே நின்றிருந்தபோது, நல்லையா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். "பாக்கியலட்சுமி" என்றார். குழிக்குள் சொல்லிப் பழகிய குரல், சற்றுச் சத்தமாகவே வந்துவிட்டது. மூன்றாம் வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்ன?" என்றாள் அவள்.

அவர் பெயரை மட்டும்தான் பழகியிருந்தார், மேற்கொண்டு சொல்ல எதுவும் கைவசம் இல்லை. "நனையாத" என்றார். கொடியில் நீலச் சேலை ஆவி விட்டு, தலைப்பிலிருந்து கரை வரை காய்ந்து, மழைக்குள் படபடத்தது. உடம்பில் கட்டியிருந்ததும் காய்ந்தது.

"அக்கா, இன்னிக்கு சனிக்கிழமைதானே?" என்று பூங்காவனம் ஜன்னலிலிருந்து கேட்டாள். "எந்த நிகழ்ச்சியில வந்துச்சு? நான் கேக்கலயே."

"நீ கேக்குற ரேடியோல வராது" என்ற பாக்கியலட்சுமி, சேலையை எடுத்து உதறி மடித்து, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எட்டாம் நாளும் அவள் துணி காய்ந்தது, ஒன்பதாம் நாளும் காய்ந்தது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது நல்லையா ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் அதைப் பற்றிப் பேச்சு இரண்டு வாரம் இருந்து, பிறகு அடங்கியது. பூங்காவனம் மட்டும் திங்கட்கிழமையே ஒரு கார்டோடு வந்து நின்றாள். இந்த முறை ரேடியோவுக்கு வேண்டாம் அண்ணே, சிங்கப்பூருக்கு, அவரை ஒருதரம் வந்துவிட்டுப் போகச் சொல்லி எழுதுங்கள் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நல்லையா எழுதினார். பாக்கியலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, அவளுக்குச் சரியான சீனி போட்டு ஒரு காப்பி கொடுத்தாள்.