மாதப்பனின் வலது முட்டி

உபைதுக்கு முன்பல் இரண்டு இல்லை. போன வருஷம் பண்டிகைக் கபடியில் பென்னாகரத்து மாதப்பன் விட்ட உதையில் போனவை அவை. பல் போனால் போகட்டும். கூடவே தைரியமும் போய்த் தொலைந்ததுதான் கொடுமை. மூலையில் நின்று, பாடி வருகிறவன் காலைக் கவ்விப் பிடிப்பதில் பாலக்கோட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று பேர் எடுத்தவன். இப்போதோ எதிராளி காலைத் தூக்கினாலே கண் தானாக மூடிக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எவன் காலைப் பிடிப்பது?

இந்த வருஷப் பண்டிகைக்கும் எதிரணி பென்னாகரம்தான். இன்றும் கோட்டை விட்டால் அணியில் இடமில்லை என்று ஊரே பேசியது. அணித்தலைவர் தஸ்தகீர் அவனைத் தக்காளி மண்டிச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"மாதப்பன் வலது முட்டில கறுப்பு உறை மாட்டியிருக்கான் பாத்தியா? முட்டி போயிருச்சுடா. கட்டுப் போட்டுப் பிரிச்சே ரெண்டு மாசம்கூட ஆவல."

"நெசமாங்க பாய்?"

"உங்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்னடா ஆவப்போவுது?"

உபைதுக்கு யானை பலம் வந்துவிட்டது.

இரண்டு அணியும் புள்ளியில் சரிசமமாக நின்றபோது மாதப்பன் கடைசியாகப் பாடி வந்தான். வாய் கபடி பாட, விரல் தன் முன்பல்லைத் தட்டி உபைதுக்குக் காட்டியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

உபைத் கண்ணை மூடவில்லை. பாய்ந்து வலது காலைக் கவ்வினான். இடது குதிகால் அவன் மூக்கில் இறங்கியது. மூக்கு உடைந்து, ரத்தம் தொண்டைக்குள் சூடாக இறங்கியது. இன்னொரு உதை, உதடு கிழிந்தது. போன முட்டிதானே, எவ்வளவு நேரம் தாங்கும் என்று காலை மார்போடு அணைத்து முறுக்கினான். மாதப்பனின் பாட்டு அறுந்தது. நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது. உபைதுக்கு மட்டும் முடியவில்லை. பல்லுக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று என்று மேலும் முறுக்கினான். கரும்பை ஒடித்த மாதிரி மடக்கென்று கேட்டது.

கூட்டம் அவனைத் தோளில் தூக்கியது. கீழே மாதப்பன் "ஆத்தா, ஆத்தா" என்று மண்ணில் புரண்டான். யாரோ முட்டி உறையை உருவினார்கள். கட்டுப் போட்ட தடமே இல்லை.

உபைத் இறங்கி தஸ்தகீரிடம் ஓடினான். "ஏற்கெனவே போன முட்டிதானுங்களே பாய்?"

"அவன் ஸ்டைலுக்கு மாட்டியிருந்தான்டா." தஸ்தகீர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ பயந்து சாவறியேன்னு சொன்னேன்."

உபைதுக்கு அழுகை வந்தது. நல்ல காலையா ஒடித்தோம் என்று கூசியது. அந்தக் கூச்சத்துக்கு அடியில், நல்ல காலையே ஒடித்தோம் என்று ஒரு சந்தோஷமும் கிடந்தது. அதை நினைத்து இன்னும் கூசினான். தூக்கிவிடலாம் என்று மாதப்பனிடம் போய்க் குனிந்து கையை நீட்டினான்.

கை அருகில் வந்ததும் மாதப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.