அடிக்குக் கீழே ஒரு ஏசப்பா

ஒரு குடிகாரப் பாட்டுக்குள் நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லித் தெரிந்ததில்லை. என் காதாலேயே கேட்டேன்.

அன்றைக்கு ஷேக்கர் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஷேக்கர் என்றால் உள்ளே மணி போட்ட டப்பா, குலுக்கத் தெரிந்தால் போதும். டோலக் வாசித்தே தலை நரைத்தவனை டப்பா குலுக்கக் கூப்பிடுகிறார்களே என்று முதலில் முறுக்கிக்கொண்டேன். ஆனால் இடது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆகி, கை நன்றாகத் தேறிய பிறகும் ஒருவரும் கூப்பிடாமல் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். முறுக்கு எத்தனை நாளைக்கு நிற்கும்? போனேன்.

ஸ்டூடியோ ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே ஒருவர் பல்லைப் பிடுங்குகிற நேரத்தில் மேலே சுருதி சேர்க்க வேண்டும். பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் வாத்தியம் கோக்கிற புரோகிராமர் நல்ல மனுஷர், தூக்கத்தைப் பார்த்தே மாதக்கணக்கான முகம். "ஒரு தடவை பாட்டக் கேட்டுக்கங்கண்ணே, அப்புறம் வாசிக்கலாம்" என்று ஹெட்போனைக் கொடுத்தார். தெருவில் விழுந்து கிடக்கும் ஒருவன் தன் குடியைத் தானே மெச்சிக்கொள்ளும் பாட்டு. பாட்டு கிடக்கட்டும், பின்னால் ஒரு டோலக் ஓடியது பாருங்கள், அது நல்ல டோலக். யார்ரா இவன், பரவாயில்லையே என்று தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். இரண்டாம் சுற்றில் தலை நின்றுவிட்டது. இடது பக்கத்துக் 'கும்' விழும்போதெல்லாம் அதற்குக் கீழே பொடியாக ஏதோ ஒன்று கேட்டது. மற்றவர் காதுக்கு அது வெறும் இரைச்சல். என் காதுக்கு அது "ஏசப்பா."

என் குரல்தான். சந்தேகமே இல்லை.

"அந்த இரைச்சலைக் கேக்கறீங்களா?" என்றார் புரோகிராமர். "அது அந்த பேக்லயே இருக்குண்ணே. எவ்வளவு சுத்தம் பண்ணாலும் அடில கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கு. ஆனா சவுண்டு பிரமாதம். இப்ப எல்லா ஸ்டூடியோலயும் இதான் ஓடுது."

"பேக்குன்னா?"

"ஒவ்வொரு அடியையும் தனித்தனியாப் பதிஞ்சு வித்துடுவாங்க. நாம கீபோர்டுல தட்டினா டோலக் பேசும். வாசிக்க ஆளே வேணாம்." சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, உங்களைச் சொல்லலண்ணே."

"என்னைத்தான் சொல்றீங்க" என்றேன். டப்பாவை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் என் வண்டவாளத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு முழங்காலில் நின்று கண்ணை மூடி ஜெபிக்க வராது. இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் மனசு எங்கேயாவது மேயப் போய்விடும். டோலக்கைத் தொடையில் சாய்த்து வைத்தால்தான் எனக்கு ஆண்டவரிடம் பேச வரும். பேச்சு என்றால் பெரிய பேச்சில்லை. இடது கை விழும்போதெல்லாம் வாய்க்குள் "ஏசப்பா" என்பேன், அவ்வளவுதான். சில நாள் அது நன்றி, சில நாள் அது சண்டை. சபையில் எனக்கு இடிமுழக்கம் என்று பெயர். ஆயர் வைத்தது. பாதி டோலக்குக்கு, மீதி என் கோபத்துக்கு.

மெதுவான பாமாலைகளுக்கு டோலக் கூடாது என்றுதான் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். ஓட்டமான பாட்டுக்கு மட்டும் தட்டு, மற்றதற்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்பார்கள். நான் சும்மா உட்காருகிற ஜாதியா? உட்கார்ந்த இடத்திலிருந்து முன்வரிசை அம்மாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி பாடி முடித்ததும் அவர்களுக்கு மூச்சு வாங்கும். அடுத்த வரிக்கு வர ஒரு கணம் தாமதமாகும், ஆர்கன் பொறுமையில்லாமல் முன்னால் போய்விடும். அந்தத் தாமதத்தில் மெல்ல ஒரே ஒரு 'கும்' வைத்தேன். அவர்கள் மூச்சை இழுக்கிற இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது. ஆர்கனும் நின்று காத்தது. அன்றிலிருந்து எங்கள் சபையில் பாமாலைக்கும் டோலக் உண்டு. நானாகக் கண்டுபிடித்தது என்று வாழ்க்கையில் ஏதாவது உண்டென்றால் அதுதான். எண்ணிக்கையை நம்பாமல் ஆட்களின் மூச்சைப் பார்த்து வாசிக்கிற வாசிப்பு. பிரசங்க மேடைக்கு இடப்பக்கம், தூணை ஒட்டி இருந்த அந்த இடத்தை விட்டால் எனக்கு ஜெபிக்க வேறு இடம் கிடையாது.

ஆபரேஷனுக்கு முன்பு என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, சபையின் கீபோர்டுக்காரன், ஒரு யோசனையோடு வந்தான். "அத்தான், உங்க கை ஓய்வுல இருக்கிற வரைக்கும் சபைக்கு டோலக் வேணுமே. ஒவ்வொரு அடியா வாசிச்சுக் குடுங்க, நான் மெஷின்ல ஏத்திக்கறேன். நீங்க வந்ததும் தூக்கிப் போட்டுரலாம்." எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எவ்வளவு அக்கறை பாருங்கள்! அவன் வீட்டு உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பீரோ கதவைத் திறந்துபோட்டு, தொங்குகிற துணிகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்தான். மெதுவாக ஓர் அடி. அது அடங்கும்வரை அசையக் கூடாது. கொஞ்சம் பலமாக ஓர் அடி. மறுபடி சிலை மாதிரி. வலிக்கிற கையோடு வாசித்தேன்.

"அத்தான், வாய்ல என்னமோ முணுமுணுக்கறீங்க. மைக்ல விழுது" என்றான்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். அடி செத்த அடியாக விழுந்தது. அவனே கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "சரி, முணுமுணுத்தே வாசிங்க. அப்புறமா நான் அதத் தனியா எடுத்துடறேன்."

எடுத்துவிடுகிறேன் என்றானே, எதை எடுக்கப் போகிறான் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். தலையில் மிளகாய் அரைக்கிறவனிடம் போய்த் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து கை தேறியது. எங்கள் டாக்டர் சிரிக்கிற ரகமில்லை. அவரே என் விரல்களை மடக்கிப் பார்த்து, பிரித்துப் பார்த்து, "ஆச்சரியமா இருக்கே" என்றார். வீட்டில் டோலக்கை எடுத்துத் தட்டினேன். 'கும்' பழையபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். கர்த்தர் என் கையைத் திருப்பிக் கொடுத்தார் என்றேன். சபை ஸ்தோத்திரப் பாட்டு பாடியது. மச்சினன் மெஷினைத் தட்டினான். என் கை குணமானதற்குப் பாடிய பாட்டுக்கு வாசித்தது என் கை இல்லை, அதன் பதிவு. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அதற்குப் பிறகும் தூணுக்குப் பக்கத்து இடம் எனக்குத் திரும்பவில்லை. "இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க அத்தான்" என்பான். மைக் சரியில்லை என்பான். "மெஷின்னா சத்தம் ஒரே சீரா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்பான். அந்த எல்லாரும் யார் என்று கேட்டால் மழுப்புவான். முன்வரிசை அம்மாக்கள் மெஷினைப் பிடிக்க முடியாமல் பாதி வரியோடு நின்றுவிடுவதை நான் கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துப் பொறுத்தேன். குடும்பத்துப் பையன், அக்கா மேல் உயிரையே வைத்திருப்பவன் என்று பொறுத்தேன்.

ஆகவே அந்த ஸ்டூடியோவிலிருந்து நேராகச் சபைக்குத்தான் போனேன். சனிக்கிழமை, ஒத்திகைக்கு முந்திய நேரம். மச்சினன் மட்டும் தனியாக வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என் டோலக்கை யாருக்குடா வித்தே?"

அவன் திகைக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. வயரைக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க அத்தான்" என்றான்.

"உக்கார எனக்கு இடம் வெச்சிருக்கியா?"

"கத்தாதீங்க. ஒரு கம்பெனி கேட்டுச்சு, குடுத்தேன். உங்க சத்தம் உங்களோடயே போயிடக் கூடாதுன்னுதான் குடுத்தேன்."

"நான் எங்கடா போனேன்? குத்துக்கல் மாதிரி இங்கதானே நிக்கறேன்! என் ஜெபம்டா அதுல இருக்கறது. குடிகாரன் பாட்டுக்குக் கீழே நான் ஏசப்பா ஏசப்பான்னுட்டுக் கிடக்கேன்."

"அத எடுக்கத்தான் பார்த்தேன், முழுசா வரல" என்றான் மெதுவாக. கறை போகாத சட்டையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான். பிறகு, "அக்காவைக் கேக்காம நான் எதுவும் செய்யல. அவங்க சரின்னாங்க. அதுக்கப்புறம்தான் குடுத்தேன்" என்றான்.

அவனை அடிப்பதாகத்தான் போயிருந்தேன். அந்த வார்த்தைக்குப் பிறகு கை எழும்பவில்லை. நடந்து வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அவன் பொய் சொல்கிறான், அக்கா தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். அது சிவக்கவில்லை என்பதையும் பார்த்திருந்தேன்.

மனைவி தையல் மெஷினில் இருந்தாள். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் மடிமேல் மலையாகக் கிடந்தன. நான் கேட்டதும் கால் நின்றது. துணியிலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டு, அங்கியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாருங்க" என்றாள். "ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு. கை மடங்கும், சாப்பிடலாம், சட்டைக்குப் பட்டன் போடலாம். வாசிக்கறத மட்டும் மறந்துடச் சொல்லுங்கன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அன்னிக்கே செத்துப் போயிருப்பீங்க. தம்பி வந்து அழுதான். அத்தான் இனி வாசிக்க மாட்டாரு, அவர் சத்தமாவது நாலு இடத்துல கேக்கட்டும்க்கான்னான். எனக்கும் சரின்னு பட்டுச்சு. கை நல்லாகுறதுக்குள்ள எல்லாம் கை மீறிப் போச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல?"

டாக்டர் சொன்னதை மறைத்தது எனக்கு வலிக்கவில்லை. மறைத்திருக்கலாம், நானும் அவளுக்காக எத்தனையோ மறைத்திருக்கிறேன். என்னைக் கொன்றது வேறொன்று. கட்டுப் போட்ட கையோடு இருந்த அந்த நாட்களில் டோலக் இல்லாமல் எனக்கு ஜெபம் வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை. அப்போது சாயங்காலம்தோறும் இவள்தான் அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகப் பேசினாள். இந்தக் கையைத் திருப்பித் தாரும் ஆண்டவரே, இது மறுபடியும் உமக்காக வாசிக்கும் என்று நான் நம்புகிறேன் என்பாள். நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க, போதும் என்பாள். நானும் அவள் முதுகில் ஏறிக்கொண்ட குழந்தைபோல் ஆமென் சொன்னேன். என்னிடம் விசுவாசம் இல்லாத நாட்களில் அவளுடையதை வைத்தே காலம் தள்ளினேன்.

"தினமும் இந்தக் கைக்காக ஜெபம் பண்ணியே, அது?" என்றேன்.

அவள் மடித்து வைத்த அங்கியை எடுத்து மறுபடியும் பிரித்தாள்.

"கேக்கறேன்ல? நம்பித்தானே ஜெபம் பண்ணே?"

"உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பண்ணேன்."

"நம்பலியா?"

"இல்லங்க."

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் சொன்னவள் இன்னும் ஒன்று சொல்லியிருந்தால் நான் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பேன். நான் போய் வாசல் படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே "என்ன இடிமுழக்கம், சத்தத்தையே காணோம்?" என்றார். சிரித்து வைத்தேன்.

இருட்டத் தொடங்கியபோது போன் வந்தது. மச்சினன். "அத்தான், ஆயர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மெஷினக் கழட்டியாச்சு. நாளைக்கு உங்க இடத்துல நீங்களே வாசிங்க" என்றான். இத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் தவம் கிடந்தேன். சரி என்றேன். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன், வரவில்லை.

உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. தம்பி போன் பண்ணியது அவளுக்குத் தெரியும்.

"நாளைக்காக ஜெபம் பண்ணலாங்க" என்றாள். "இன்னிக்கு நிஜமாவே."

அந்த 'நிஜமாவே'யில் ஏமாற்று எதுவும் இல்லை, எனக்கே தெரிந்தது. என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, தழும்பின் மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டாள். கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், இருந்தும் இழுத்துக்கொண்டேன். அந்தக் கைக்கு அவ்வளவு பலம் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.