நாயின் கட்டம்

அந்த வீட்டில் சிலுவைக்குக்கூட நடைவழி மூலைதான். சமையலறைச் சுவரின் நட்டநடுவில், வருகிறவர் போகிறவர் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கியது நாள்காட்டி. மாதத்துக்கு ஒரு தாள். தாளில் மேலிருந்து கீழாக ஓடும் ஐந்து நீளக் கட்டங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர், குறுக்கே நாளுக்கு ஒரு வரி. அன்னகிரேத், ஃபோல்க்மார் இருவரும் வீட்டுக்காரர்கள். தீலோ அவர்களுடைய எட்டு வயது மகன், மெர்லெ ஐந்து வயது மகள். ஐந்தாவது காசிமிர். காசிமிர் நாய்.

எத்தேரி அந்த வீட்டில் ஆறாவது ஆள். அவளுக்குக் கட்டம் இல்லை.

ஜார்ஜியாவிலிருந்து போன அக்டோபரில் வந்தவள். இருபது வயது. ஒரு வருடம் ஜெர்மன் குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாரம் முப்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது, மற்ற நேரத்தில் மொழி படிக்கலாம், சாப்பாடும் அறையும் அவர்கள் பொறுப்பு. இதற்கு ஓபேர் என்று பெயர். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே 'குடும்பத்தில் ஒருவர்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. தடித்த எழுத்தில் போடுவதற்கு யாருக்கு என்ன செலவு?

வந்த அன்றைக்கே அன்னகிரேத் அவளை நாள்காட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். பக்கத்தில் ஒரு நூலில் பேனாவும் இன்னொரு நூலில் பென்சிலும் தொங்கின.

"பேனாவால எழுதினா அது முடிவு. பென்சிலால எழுதினா ஆசை. மையில இருக்கிறத இந்த வீட்டுல யாரும் மாத்த மாட்டோம். அதனாலதான் எங்களுக்குள்ள சண்டையே வர்றதில்ல."

தான் எங்கே எழுதுவது என்று எத்தேரி கேட்டாள்.

"கடையில அஞ்சு கட்டம் போட்டதுதான் இருந்துச்சு. நீ காசிமிரோட கட்டத்துல எழுதிக்கோ, அவனுக்கு நிறைய இடம் கிடக்கு. ஆனா பென்சில்ல எழுது. அப்புறம் எது அவனோடது எது உன்னோடதுன்னு குழம்பிடும்."

எத்தேரி சிரித்தாள். வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் சிரித்துவைப்பதுதானே வழக்கம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்னையே அறையலாம் போல இருக்கும்.

காசிமிருக்கு முடி வெட்டும் நாள் மையில் இருந்தது. அவனுக்குப் பல் தேய்த்துவிடும் நாளும் மையில் இருந்தது. எத்தேரியின் செவ்வாய், வியாழன் மாலை வகுப்புகள் மட்டும் பென்சிலில் இருந்தன. செவ்வாயன்று அன்னகிரேத்துக்குப் பாட்டுக் குழு என்றால் செவ்வாய் அழிந்தது. வியாழனன்று ஃபோல்க்மாருக்கு அலுவலகத்தில் நேரமாகும் என்றால் வியாழன் அழிந்தது. ரப்பர் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கட்டத்தில் தாளே பஞ்சாகிவிட்டது. முப்பது மணி நேரம் நாற்பதானது, நாற்பது நாற்பத்தைந்தானது. கேட்டால், வீட்டில் நடப்பதையெல்லாம் மணிக்கணக்குப் பார்க்க முடியுமா, நாமெல்லாம் ஒரு குடும்பம்தானே என்றாள் அன்னகிரேத்.

விருந்தாளி வந்தால் இந்தக் குடும்பப் பேச்சு இன்னும் கொஞ்சம் இனிக்கும். "எங்க எத்தேரி, மூத்த பொண்ணு மாதிரி" என்று தோளில் கை போடுவாள். கை எடுத்த மறுநிமிடம் மூத்த பெண் எச்சில் கோப்பைகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போவாள். பெற்ற பெண் மெர்லெ கேக்கை நாய்க்கு ஊட்டிக்கொண்டிருப்பாள். விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்களே, அப்படி ஒரு மகள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பிப்ரவரியில் நடந்ததைத்தான் மனசு விடவில்லை. அந்த ஊரில் பிறந்தநாள் என்றால் சாதாரணமில்லை. ஒருவருடைய பிறந்தநாளை மறந்தால் அந்த வருடம் முழுக்க முகம் பார்த்துப் பேச முடியாது. காசிமிரின் பிறந்தநாள் நாள்காட்டியில் மையில் இருந்தது, ஈரல் சாசேஜில் மெழுகுவத்தி குத்தி எல்லாரும் சுற்றி நின்று பாடினார்கள். அவனுக்கு ஐந்து வரி கீழே, அதே கட்டத்தில், பென்சிலில் எத்தேரியின் பிறந்தநாள் இருந்தது. அன்றைக்கு அவள் தீலோவைப் பள்ளிக்கு அனுப்பினாள், துணி துவைத்தாள், உருளைக்கிழங்கு உரித்தாள், தூங்கப் போனாள். மூன்று நாள் கழித்துத் தற்செயலாகத் தெரியவந்தபோது ஃபோல்க்மார் அலமாரியிலிருந்து ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். போன கிறிஸ்துமசுக்கு யாரோ இவர்களுக்குக் கொடுத்த பெட்டி. பெயர் எழுதிய சிறு அட்டை அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மொழித் தேர்வு. எத்தேரி மார்ச் மாதமே அதை எழுதிவிட்டாள், பென்சிலில்தான். வாயாலும் இரண்டு முறை சொன்னாள். அக்டோபரில் தொடங்கும் செவிலியர் பயிற்சியில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஜூலைக்குள் தேர்ச்சிச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால் இடம் அவளுக்கு. சேராவிட்டால் விசா முடிகிறது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த தேர்வு நவம்பரில். அவள் வாழ்க்கையே அந்த ஒரு சனிக்கிழமையில் வந்து நின்றது.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை மாலை, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறிய வெள்ளரியும் வைத்துச் சாப்பிடும்போது அன்னகிரேத் சொன்னாள். நாளை மாலை அவளும் ஃபோல்க்மாரும் ஒரு தீவுக்குப் போகிறார்கள், கல்யாண நாள், கடலைப் பார்த்த அறை, ஞாயிறு இரவு திரும்புவார்கள். சனிக்கிழமை எத்தேரி அப்பம் சுட்டுக் கொடுத்தால் குழந்தைகள் சந்தோஷப்படுவார்கள்.

எத்தேரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"சனிக்கிழமை எனக்குத் தேர்வு."

அன்னகிரேத் எழுந்துபோய் நாள்காட்டியைப் பார்த்தாள். தன் கட்டத்தைப் பார்த்தாள், கணவன் கட்டத்தைப் பார்த்தாள், பிள்ளைகள் கட்டத்தைப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணுமில்லையே."

"காசிமிர் கட்டத்துல இருக்கு. மார்ச்லயே எழுதிட்டேன்."

"அதை யாரு பார்க்கிறது? அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறவ நீதானே, அது நீ பார்க்கிற கட்டம். அதுவும் பென்சில்ல இருக்கு. எங்களோடது செவ்வாய்க்கிழமையே மையில ஏறிடுச்சு, எத்தேரி. அறைக்குப் பணம் கட்டியாச்சு. நவம்பர்ல இன்னொரு தேர்வு இருக்குன்னு நீதானே சொன்ன?"

நவம்பரில் நான் இந்த நாட்டிலேயே இருக்க மாட்டேன் என்று எத்தேரி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அன்னகிரேத் தலையைச் சாய்த்து, அந்தத் தேன் குரலில், குடும்பம்னா எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் என்றாள். ஃபோல்க்மார் வெள்ளரித் துண்டு ஒன்றைக் கவனமாக இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தான்.

விட்டுக்கொடுப்பதற்கு மட்டும் குடும்பம். பிறந்தநாளுக்கு இல்லை, கட்டத்துக்கு இல்லை, வெள்ளிக்கிழமை மீன் வாங்கினால் நடுத்துண்டுக்கு இல்லை. எத்தேரி எழுந்தாள். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை குழந்தைகளைக் கொண்டுபோய் விட்டபின் ரொட்டிக்கடையில் ஹனித்ராவைப் பார்த்தாள். ஹனித்ரா மடகாஸ்கரிலிருந்து வந்தவள், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஓபேர். அவளுக்கும் நாளைக்கு அதே தேர்வு. எத்தேரி எல்லாவற்றையும் கொட்டினாள். ஹனித்ரா காப்பியைக் குடித்து முடித்தாள்.

"நாய்க்குக் கட்டம் இருக்கு, உனக்கு இல்ல. அப்ப நீ அந்த வீட்டுல யாருடி?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். இப்ப வீட்டுக்குப் போவ. அவ ஒரு சிரிப்புச் சிரிப்பா. நீயும் சிரிச்சுக்கிட்டே சரிம்ப. நாளைக்கு நான் பரீட்சை எழுதுறப்போ நீ அப்பம் சுடுவ. ஒரு தட்டு எனக்கும் எடுத்து வை."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. எத்தேரி மிதிவண்டியை எடுத்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராக நாள்காட்டியிடம் போனாள், எட்டு மாதமாகத் தொடாத பேனாவை எடுத்தாள். காசிமிரின் கட்டத்தில் மங்கிக்கிடந்த தன் தேர்வின் மேல் அழுத்தி எழுதினாள். பிறகு சனிக்கிழமை வரிசையில், அன்னகிரேத்தின் கட்டத்திலும் ஃபோல்க்மாரின் கட்டத்திலும், ஏற்கெனவே இருந்த தீவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள்: காலை எட்டு முதல் மாலை நாலு வரை தீலோ, மெர்லெ, காசிமிர்.

மத்தியானம் பெட்டி அடுக்க இருவரும் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்தார்கள். அன்னகிரேத் தண்ணீர் குடிக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என் கட்டத்துல யாரு எழுதினது?"

"நான்தான்."

"என்னைக் கேட்காம என் கட்டத்துல எழுதுவியா நீ?"

"என் வியாழக்கிழமைய நீங்க எத்தனை தடவ அழிச்சிருக்கீங்க? ஒரு தடவயாவது என்னைக் கேட்டீங்களா?"

அன்னகிரேத் முகம் சிவந்தாள். எத்தேரியை அனுப்பிவைத்த ஏஜென்சிக்கு இப்போதே போன் செய்வதாகச் சொன்னாள். நன்றி என்பது என்னவென்று உன் ஊரில் சொல்லித்தரவில்லையா என்றும் கேட்டாள்.

"போன் பண்ணுங்க. பண்ணும்போது ஒப்பந்தத்தைக் கையில வெச்சுக்கோங்க. முப்பது மணி நேரம்னு எழுதியிருக்கிற பக்கம் ரெண்டாவது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நான் கிளம்பிடுவேன். குழந்தைங்களை யாரு பார்த்துக்கிறதுன்னு அம்மாவும் அப்பாவும் முடிவு பண்ணுங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. தனக்கு இவ்வளவு ஜெர்மன் வரும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஃபோல்க்மார் நாள்காட்டியின் அருகே போனான். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தான். விரல் நுனியால் எழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"மையில இருக்கே, அன்னகிரேத்," என்றான்.

எட்டு மாதத்தில் எத்தேரியின் கண்ணீருக்கோ உழைப்புக்கோ இரங்காத மனிதன் மைக்குக் கட்டுப்பட்டான். என்ன ஜென்மமோ! அன்று மாலை அன்னகிரேத் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு தீவுக்குப் போனாள். ஃபோல்க்மார் வீட்டில் இருந்தான். சனிக்கிழமை அப்பத்தைத் தீய்த்தான் என்று மெர்லெ பிறகு சொன்னாள்.

எத்தேரி தேர்வு எழுதினாள். வாய்மொழிப் பகுதியில் எதிரே இருந்த சக தேர்வரோடு சேர்ந்து ஒரு விருந்துக்குத் திட்டம் போடச் சொன்னார்கள். எந்த நாள் உங்களுக்கு வசதி என்று அவர் கேட்டார். அந்த நாட்டுக்கு வந்து அவளிடம் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பேச ஆரம்பித்தவள் நேரம் முடிந்தது என்று அவர்கள் மணியடித்த பிறகுதான் நிறுத்தினாள்.

திங்கட்கிழமை மழலையர் பள்ளியிலிருந்து மெர்லெயோடு திரும்பியபோது அன்னகிரேத் சமையலறையில் காத்திருந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு. ஏஜென்சியில் என்ன சொன்னார்களோ தெரியாது.

"பாரு, உனக்கு என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு."

நாள்காட்டியின் ஓரத்தில் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தாள். ஆறாவது கட்டம். தலையில், அழகான வட்ட எழுத்தில், மையில், எத்தேரி.

ஒரு நிமிடம் எத்தேரிக்கு நெஞ்சு குளிர்ந்ததும் உண்மைதான். கிட்டே போனாள். கட்டம் காலியாக இல்லை. மாதக் கடைசி வரைக்கும் நிரம்பியிருந்தது. செவ்வாய், ஜன்னல்கள். புதன், நிலவறை. வியாழன், தீலோவுக்குக் கணக்கு. வெள்ளி, இஸ்திரி. தாளைப் புரட்டினாள். ஜூலையும் அப்படியே, அன்னகிரேத்தின் பாட்டுக் குழு நாளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது முதல்கொண்டு. எல்லாம் மை. இடம் கேட்டவளுக்கு இடம் கொடுத்தார்கள், அவள் உட்காருவதற்கு முன்பே அதில் மூட்டையை ஏற்றிவிட்டார்கள். நாயின் கட்டத்திலாவது வெள்ளையிடம் இருந்தது.

"பிடிச்சிருக்கா?" என்றாள் அன்னகிரேத்.

"பார்க்கிறேன்," என்றாள் எத்தேரி.

வகுப்புகளைப் பென்சிலில் நாயின் கட்டத்திலேயே எழுதினாள். ஆனால் மாலை ஆறானால் யாரையும் கேட்காமல் கிளம்பினாள். ஜன்னல்கள் பாதி துடைத்தபடி நின்றன.

ஜூலை பத்தாம் தேதி கடிதம் வந்தது. தேர்ச்சி. அன்றைக்கே பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினாள். ஆகஸ்ட் முதல் விடுதியில் தங்கிக்கொள்ளலாம், பயிற்சி தொடங்கும்வரை அங்கேயே உதவியாளாக வேலை தருகிறோம் என்று மறுவாரமே பதில் போட்டார்கள்.

சமையலறையில் எல்லாரும் இருந்தார்கள். எத்தேரி பேனாவை எடுத்தாள். தன் கட்டத்தில் ஜூலை முப்பத்தொன்று வரிசையில் ஏற்கெனவே 'குளிர்பெட்டி கழுவுதல்' என்று இருந்தது. அதன் கீழே இடுக்கில் ஒரே சொல் எழுதினாள்: புறப்பாடு. பிறகு அதே வரிசையில் இன்னொரு கட்டத்திலும் ஏதோ எழுதினாள்.

மெர்லெ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அழத் தொடங்கினாள். எத்தேரி குனிந்து அவளை அணைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தையின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. தீலோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபோல்க்மார் கண்ணாடியை மூக்கில் இறக்கினான், மையைப் பார்த்தான்.

அன்னகிரேத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். போகிறவளிடம் எங்கே போகிறாய், தேர்வில் தேறினாயா என்று ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

"முப்பத்தொண்ணாம் தேதி காசிமிருக்குத் தடுப்பூசியாச்சே. யாரு கூட்டிட்டுப் போறது?"

எத்தேரி பேனாவை மூடி நூலில் தொங்கவிட்டாள்.

"யாருன்னு அவன் கட்டத்துல எழுதியிருக்கேன். இனிமேலாவது அதைப் பாருங்க."