முதல் வரிசைக்காரர்கள்

அன்று கூட்ட அறையில் இருந்தவர்கள் ஐவர்: எங்கள் குடும்ப மருத்துவமனையின் தலைவனான நான்; தலைமை அறுவை மருத்துவனான என் தம்பி; நிர்வாகம் பார்க்கும் தம்பியின் மாப்பிள்ளை; என் தங்கை; கணினி இணைப்புகளைக் கவனிக்கும் அவள் மருமகள். கதவில் காது வைத்தவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

விஷயம் இதுதான். முந்தைய நாள் காலை கிளை மருத்துவமனையில் ஓர் இதய அறுவைச் சிகிச்சை. தம்பி இங்கிருந்தே திரையைப் பார்த்து அங்குள்ள மருத்துவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, நாற்பது நொடி நின்றுவிட்டது. நோயாளி பிழைத்தது அங்கே கத்தி பிடித்திருந்தவரின் நிதானத்தால். எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

மருமகளை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தோடு மாப்பிள்ளை வந்திருந்தார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"இவ்வளவு பெரிய நெட் லைன் வாங்கிக் குடுத்தும் ஒரு படத்தை ஒழுங்கா அனுப்பத் தெரியல, பெரிய மாமா. படிச்ச படிப்பு அப்படி."

தங்கை தலை குனிந்தாள். மருமகள் குனியவில்லை.

"எவ்வளவு பெரிய லைன்லயும் நெரிசல் வரும் சார். அப்ப எது முன்னால போகணும்னு ரூட்டர்ல வரிசை போட்டிருந்தேன். ஆபரேஷன் வீடியோவுக்கு மட்டும் முதல் வரிசை. மத்ததெல்லாம் கொஞ்சம் காத்திருந்தா யாரும் செத்துட மாட்டாங்க. அதை மாத்தச் சொல்லி நீங்க போட்ட உத்தரவு இது."

தாளை என் முன் வைத்தாள். முதல் வரிசையில் சேர்க்க வேண்டிய அறைகள் பத்து, உறவு முறைப்படி, மூத்தவர் தொடங்கி: என் அறை, தம்பி மனைவியின் ஓய்வறை, மாப்பிள்ளையின் அறை, அவர் மைத்துனன் அறை, இப்படியே வரவேற்பறைத் தொலைக்காட்சி வரைக்கும். பந்தியில் இலை போடுவதுபோல ரூட்டருக்கு உத்தரவு போட்ட நிர்வாகி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"குடும்பத்து ஆளுங்களைப் பின்னால நிறுத்த முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"எல்லாரும் முதல்ல நின்னா அது வரிசை இல்ல சார், தள்ளுமுள்ளு. வேணாம்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன்."

"நேத்து அந்த நேரத்துல என்னம்மா ஓடிச்சு?" என்றான் தம்பி.

"சின்ன அத்தை ஓய்வறையில சீரியல். வரவேற்பறையில சார் விருது வாங்கின வீடியோ, திரும்பத் திரும்ப."

"அப்ப உங்க கழுத்து மாலைக்கு வழிவிட்டு என் நோயாளி நெஞ்சைத் திறந்துகிட்டுக் காத்திருந்தாரா, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "பெரிய மாமா பேருதான் முதல்ல இருக்கு."

இருந்தது. நான் கேட்கவில்லை. ஆனால் போன மாதம் அவர் சொன்னபோது தலையசைத்தேன். உயிரை நம்பி வருகிறவர்களின் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது எங்கள் குடும்பம். பழி மட்டும் அந்தப் பெண்ணுக்கு. கடிதத்தை நான்காகக் கிழித்தேன்.

"அந்த வரிசையில இருந்து என் அறையை முதல்ல எடும்மா. அப்புறம் மத்த ஒன்பதையும்."

மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து பத்தையும் எடுத்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளை பெருந்தன்மையாக முதல் வரிசையில் தம் இடத்தை விட்டுக்கொடுத்தார் என்று இப்போது உறவுக்குள் பேச்சு. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.