கடன் அறிக்கையில் ஒன்றுமில்லை

பார்லர் அக்கா ஏழு வருடங்களாக ஒரே ஒரு தேதியை மனப்பாடமாக வைத்திருந்தாள். தம்பியின் வேன் கடனுக்கு அவள்தான் ஜாமீன். எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அவன் பாதியில் கைவிரித்தான். வேனை வங்கி எடுத்துக்கொண்டது, மிச்சக் கடனை இவள் நகையை விற்று அடைத்தாள்.

"கட்டிட்டீங்க, சரி. ஆனா தவணை தவறின பதிவு ஏழு வருஷம் உங்க கடன் அறிக்கையில இருக்கும். அப்புறம் தானா போயிடும்" என்றார்கள் வங்கியில். அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு கடன் என்ற பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. கத்தரிக்கோல் முதல் கட்டில் வரை எல்லாம் ரொக்கம்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்போது, அவள் நாற்காலி வாடகைக்கு எடுத்து முடிவெட்டும் பார்லரை முதலாளியம்மா விற்கிறாள். மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் கடை இவளுக்கு, இல்லாவிட்டால் பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு. நல்லவேளை, அந்தத் தேதி போன வாரம்தான் தாண்டியிருந்தது.

கடன் கேட்டுப் போன வங்கியில் இருந்த இளம்பெண் திரையைப் பார்த்தாள். "பழைய பதிவு போயிடுச்சு மேடம்."

"அப்பாடா! அப்போ சுத்தமா இருக்கா?"

"துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. நீங்க எந்தக் கடனும் வாங்கிக் கட்டினதா ஒரு பதிவுகூட இல்லையே, எதை நம்பித் தர்றது?"

"கடன் வாங்காம இருந்தது குத்தமா?" அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குத்தமில்ல மேடம். ஒழுங்கா கட்டுற ஒருத்தர் ஜாமீன் போட்டா பண்ணித் தரலாம்."

வாசல் படியில் நின்று சொந்தக்காரர்களை விரல்விட்டு எண்ணினாள். ஒரு விரல்தான் மடங்கியது. வேன் போனபின் கூலிக்கு வண்டி ஓட்டி, கூடுதல் வட்டி கொடுத்துத் தவணையில் பைக், தவணையில் கட்டில் என்று வாங்கி, ஒரு மாதமும் பிசகாமல் கட்டுகிறவன். கேட்காமலே அம்மா இதை அவள் காதில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போனை எடுத்தாள்.

"நான்தான். பேங்க்ல ஒரு ஜாமீன்..."

அந்தப் பக்கம் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

"எந்த பேங்க்குக்கா? இதோ வந்துட்டேன்."

"முட்டாப் பயலே" என்றாள் அக்கா. "எவ்வளவுன்னு கேளுடா மொதல்ல."