பூவத்தாங்கலில் அழாமல் பிறந்தவர்கள்

நர்ஸுகளின் ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தையை அதிகாரிகள் மூன்றாவது தடவையாகத் தள்ளிவைத்த வாரத்திலிருந்து, பூவத்தாங்கல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்த குழந்தைகள் எதுவும் அழவில்லை. மூச்சு இருந்தது, நிறம் இருந்தது, பாதத்தைச் சுண்டினால் காலை இழுத்துக்கொண்டன. வாயைத் திறந்து, முகத்தைச் சுருக்கி, அழுவதற்கு வேண்டியதையெல்லாம் செய்தன; சத்தம் மட்டும் வரவில்லை. உத்திரமேரூரிலிருந்து வந்த குழந்தை மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டைகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனார். அந்த ஆடியில் ஏரியில் தண்ணீர் இல்லை, தக்காளி விலை ஏறியிருந்தது. ஊர்க்காரர்கள் இதையும் அதையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள்.

சசிரேகா அங்கே ஒப்பந்த நர்ஸ். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுச் சம்பளம் எவ்வளவு கூடும் என்று துறை அதிகாரிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். சங்கத்தில் அவளைத்தான் அனுப்புவார்கள். அவள் குரலை உயர்த்துவதில்லை, பதில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதுமில்லை. அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய கரு.

புதுத் தேதி கேட்பதற்காக அவள் காஞ்சிபுரத்திலிருந்த துறை அலுவலகத்துக்குப் போனாள். பேச்சுவார்த்தை நடக்கும் அறை மாடியில் பூட்டிக் கிடந்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "பூனை குட்டி போட்டுக்கீது போலக்கீது மா, சாவி கெடைக்கல" என்றார் வாட்ச்மேன். சசிரேகா கதவில் காதை வைத்தாள். பசிக்கு அழுவது வேறு, வலிக்கு அழுவது வேறு. நெஞ்சில் முதன்முதலாகக் காற்று புகும்போது வரும் அழுகை வேறு. உள்ளே இருந்தவை எல்லாமே முதல் அழுகைகள். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து சேர்ந்தது. சற்றே கரகரப்பாக, இரண்டு இழுப்புக்கு ஒரு விக்கலோடு. உடனே பிரசவ அறையைத் துப்புரவு செய்யும் பாஞ்சாலிக்குப் போன் போட்டாள்.

"இப்பதான் சிஸ்டர், அம்முலுக்குப் பொறந்துச்சி. ஆம்பளப் புள்ள" என்றாள் பாஞ்சாலி. "வாயத் தொறக்குது, மூடுது. சத்தமே இல்ல."

சசிரேகா படியிறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றாள். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

தாய்மார்கள் வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். குழந்தையின் காலில் சலங்கை கட்டினார்கள், பார்வையிலேயே வைத்துக்கொண்டு சமைத்தார்கள், களையெடுக்கப் போகிறவர்கள் வரப்பில் துணி விரித்துப் போட்டு அரை நாழிகைக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் நாய்கள்கூடக் குரைக்க யோசித்தன. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு மதியம், அம்முலு வீட்டுக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள். தூளியின் ஓரம் மடங்கிக் குழந்தையின் முகத்தில் விழுந்தது. சலங்கைக் கால் துணிக்குள் சுருண்டுகொண்டது. வேறு எந்த வருடத்துக் குழந்தையாக இருந்தாலும் தெருவே ஓடி வந்திருக்கும். அம்முலு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது தூளி ஆடாமல் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், அம்முலுவின் புருஷன் எல்லப்பன் சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றான். செங்கல் சூளையில் வேலை செய்கிறவன். அதிகம் பேசத் தெரியாதவன்.

"ஒங்க சம்பளத்துக்கோசரம் எங்க கொயந்தைங்க வாயக் கட்டிட்டீங்க" என்றான். "இன்னா வோணுமோ அத்த எய்திக் குடுத்து வாங்கிக்கினு போங்க. எம் புள்ளைய எங்க போயி வாங்குறது?"

சசிரேகாவுக்குப் பதில் இருந்தது. தள்ளிவைத்தது நாங்கள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் போகும்வரை நின்றாள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் நர்ஸுகளுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. தடுப்பூசி போடப் போனால் கதவுகள் சாத்திக்கொண்டன.

அடுத்த வாரமே காஞ்சிபுரத்தில் துறையின் இணை இயக்குநர் அவளைத் தன் தனியறைக்குக் கூப்பிட்டார். மாடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு மாதமாக அந்தப் பக்கத்துப் படியில் யாரும் ஏறுவதில்லை. "மூணு பர்சன்ட். இங்கேயே கையெழுத்துப் போடுங்கம்மா. எல்லாம் சரியாயிடும், குழந்தைங்க அழ ஆரம்பிச்சிடும்" என்றார். அவர் பார்வை அவள் வயிற்றில் தங்கியது. "உங்களுக்கும் நல்லதுதானே."

பேனா அவள் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுக்கவும் செய்தாள்.

"எல்லாக் குழந்தையும் அழுமா சார்?" என்று கேட்டாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். சசிரேகா பேனாவை மேஜைமேல் வைத்தாள். பேசுவதாக இருந்தால் மாடியில், அந்த அறையில்தான் பேச வேண்டும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தான் செய்தது சரியா என்று பாஞ்சாலியிடம் கேட்டாள். பாஞ்சாலி அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, "எனக்கு இன்னா தெரியும் சிஸ்டர்? ஆனா மூணுல எனக்கு ஒண்ணுமில்ல, அது தெரியும்" என்றாள். துப்புரவுப் பணியாளர்கள் ஏஜென்சி ஆட்கள். எந்தப் பேச்சிலும் அவர்கள் பெயர் கடைசி வரியில்தான் இருக்கும்.

தை மாதம் கதவைத் திறந்தார்கள். உள்ளே சத்தம், தேங்கிய தண்ணீர் போல இடுப்பளவுக்கு நின்றது. எல்லோரும் அதில் கால் வைத்துத்தான் நாற்காலிக்குப் போனார்கள். இணை இயக்குநர் நிதி நிலைமையைச் சொல்ல வாயைத் திறந்தார். வெளிவந்தது பச்சைக் குழந்தையின் அழுகை. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கணக்கு அதிகாரி முயன்றார், அவருக்கும் அதேதான். சசிரேகாவுக்கும் அதேதான். கடைசியில் விரலைக் காட்டிப் பேசினார்கள். அவர் மூன்று விரல் காட்டினார், அவள் இரண்டு கையையும் விரித்தாள். மதியம் யாரும் சாப்பிடவில்லை. அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, அவளுடையவை ஒவ்வொன்றாக மடங்கின. ஏழில் நின்றபோது அவளுக்கு இடுப்புவலி கண்டிருந்தது. பாஞ்சாலிக்காக அவள் இன்னொரு விரலை நீட்டினாள். அவர் கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார். வலி முதுகைப் பிளந்ததால் அவளால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. முதல் தடவையாகப் பதில் வாங்காமல் எழுந்தாள்.

ஆம்புலன்ஸ் மாகறல் தாண்டும்போது பெண் குழந்தை பிறந்தது. வாயைத் திறந்தது, மூடியது. சசிரேகா அதை எதிர்பார்த்திருந்தாள். ஆனாலும் காது கொடுத்துக் கேட்டாள்.

ஏழு சதவீத உயர்வுக்கான ஆணை வைகாசியில் வந்தது, பாஞ்சாலியின் பெயர் இல்லாமல். வந்த காலையில் பூவத்தாங்கல் குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதன. தவழ்கிறவை, உட்கார்கிறவை, வரப்பில் கிடந்தவை எல்லாம் இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்து அழுதன. தாய்மார்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள். சசிரேகாவின் மகளும் அழுதாள். குளிப்பாட்டிக்கொண்டிருந்த சசிரேகாவின் கை அப்படியே நின்றது. சற்றே கரகரப்பு. இரண்டு இழுப்புக்கு ஒரு விக்கல்.

தலையைத் துவட்டி முடிக்கும் முன்னே அம்முலு வாசலில் நின்றாள். ஓடி வந்திருந்தாள். பால் வற்றி அரை வருடம் ஆன அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. தெருமுனையில் எல்லப்பன், வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

"குடு" என்றாள் அம்முலு.

சசிரேகா கொடுத்தாள். அம்முலு சுவரோரம் உட்கார்ந்து ஊட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. அன்றிலிருந்து அந்தக் குழந்தை அழும்போதெல்லாம் அம்முலு வருவாள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஏன் வருகிறாள் என்று ஊரில் யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த ஆண்டுப் பேச்சுவார்த்தை குறித்த தேதியிலேயே நடந்தது. மாடி அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மூலையில் ஓர் அழுகை மட்டும் மிச்சமிருந்தது, மெல்லியது, யாருக்கும் தொந்தரவில்லாதது. அதிகாரிகள் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் பேசினார்கள். சசிரேகா அந்தக் குரலை அதுவரை, தன் மகளிடம்கூட, கேட்டதில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவள் மார்பில் பால் சுரந்து கசிந்தது. முந்தானையை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, பாஞ்சாலியின் சம்பளத்தைப் பற்றிக் கேட்டாள்.